சிப்ரியானும் வெள்ளிக்கிழமை விபூதியும்

செவ்வாய்

ரிச்சர்ட்சனில் மாலை வகுப்பு. அலுவலகக் கூட்டங்களில் என் குரல் எழும்புவதில்லை என்று மேனேஜர் சொன்னதால், மேடைப் பேச்சுப் பழகச் சேர்ந்திருக்கிறேன். இன்று ஆசிரியர் சீட்டுக் குலுக்கித் தலைப்பு கொடுத்தார். பக்கத்து இருக்கைக்காரருக்கு ஒரு குத்துச்சண்டை வீரர். எனக்குப் புனித சிப்ரியான், கார்த்தேஜ் நகரத்து ஆயர், அதாவது பிஷப், மூன்றாம் நூற்றாண்டு. ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குப் போகிறவள் நான். பெயரைத் தவிர அவரைப் பற்றி எதுவும் தெரியவில்லை.

புதன்

படித்தேன். ரோமப் பேரரசன் உத்தரவு: எல்லோரும் அதிகாரிகள் முன்னால் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும். பல கிறிஸ்தவர்கள் கொஞ்சம் சாம்பிராணி போட்டுவிட்டு உயிர் பிழைத்தார்கள். சிலர் அதையும் போடாமல், காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கினார்கள். ஆயர் ஒளிந்துகொண்டார். ஒளிந்த இடத்திலிருந்து கடிதங்கள் எழுதினார்; ஓடிப்போனவர் என்று பேச்சும் வாங்கினார். திரும்பி வந்ததும், அப்படிப் பணிந்துபோனவர்கள் அவரவர் குற்றத்துக்கு ஏற்பத் தவம் செய்ய வேண்டும் என்றார்.

என் குற்றம் எந்த வகை என்று பார்த்தேன். இர்விங்கில் கலாவதி ஆன்ட்டி வீட்டு மாடியறையில் இருக்கிறேன். வாட்ஸப் விளம்பரத்தில் 'தமிழ் வெஜிடேரியன் பெண்' தேவை என்றிருந்தது. தமிழும் பெண்ணுமாக ஏற்கனவே இருந்தேன்; வெஜிடேரியன் ஆகிவிட்டேன். மதத்தை யாரும் கேட்கவில்லை. வான்மதி என்ற பெயரே போதுமானதாக இருந்தது. வெள்ளிக்கிழமை ஆன்ட்டி கற்பூரத் தட்டை நீட்டுவார். கண்ணில் ஒற்றிக்கொண்டு விபூதி பூசிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை ஜிம் என்று சொல்லிவிட்டுத் திருப்பலிக்குப் போவேன்.

எதிரில் யாரும் வாளோடு நிற்கவில்லை. சர்க்கரைப் பொங்கலோடு நிற்கிறார்கள். இதற்குச் சிப்ரியானிடம் விதி இருப்பதாகத் தெரியவில்லை. சொல்லிவிட்டால் அறை போய்விடுமோ என்று பயம். இந்த ஊரில் சாப்பிட்டாயா என்று கேட்கிற வீடு எனக்கு இது ஒன்றுதான்.

வியாழன்

வகுப்பில் பேசிவிட்டேன். சில ஆண்டுகள் கழித்து மறுபடி துன்புறுத்தல் வந்தபோது சிப்ரியான் ஒளியவில்லை. யோசித்துச் சொல் என்றார் ஆளுநர். இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்றார் ஆயர். தலையை வெட்டப் போகிறவனுக்குப் பொற்காசுகள் கொடுக்கச் சொல்லிவிட்டு மண்டியிட்டார். வகுப்பு கைதட்டியது. அந்தச் சூட்டோடு வீட்டுக்கு வந்து நேராகச் சமையலறைக்குப் போனேன்.

"ஆன்ட்டி, ஞாயித்துக்கிழமை நான் ஜிம்முக்குப் போகலை."

"தெரியும் அம்மிணி. துப்பட்டா போட்டுக்கிட்டு எவ ஜிம்முக்குப் போவா?" தோசைக்கல்லின் கீழ் அடுப்பை அணைத்தார். "பையன் யாரு? நம்ம பக்கந்தானா?"

"பையன் இல்ல ஆன்ட்டி. சர்ச்சுக்குப் போறேன். நான் கிறிஸ்டியன்."

ஆன்ட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு ஹாலைப் பார்த்துக் கத்தினார். "ஏனுங்க! பையன் இல்லையாமா! சர்ச்சாமா!"

"அப்பாடா," என்றார் அவர் கணவர் சேனாபதி அங்கிள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்கப்பாவுக்கு ஃபோன் பண்ணோணும்னு இருந்தேன் கண்ணு."

"வேளாங்கண்ணில நாங்களே மொட்டை போட்டிருக்கறோம்," என்றார் ஆன்ட்டி. உடனே குரலைத் தாழ்த்தினார். "ஆனா நாளைக்குப் பூஜைக்கு ஸ்வர்ணா எல்லாரும் வர்றாங்க. அவகிட்டச் சொல்லிக்காத. வாட்ஸப் குரூப்ல போட்டுருவா. நாளைக்கு மட்டும் லைட்டா ஒரு கீத்து விபூதி வெச்சுக்கோ."

"முடியாது ஆன்ட்டி."

"அப்ப நாளைக்கு உனக்கு கிளாஸ்."

"வெள்ளிக்கிழமை கிளாஸ் கிடையாதே?"

"இருக்குது," என்று அடுப்பை மறுபடி பற்றவைத்தார்.

வெள்ளி

மளிகைக் கடை பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். ஒளியக் கூடாது என்றுதான் உண்மையைச் சொன்னேன். சொன்னதால் ஒளிய வேண்டியதாயிற்று. முன்பாவது ஏசி அறையில் ஒளிந்திருந்தேன். 'எட்டு மணிக்கு மேல வா, சுண்டல் எடுத்து வெச்சிருக்கறேன்' என்று ஆன்ட்டி மெசேஜ் அனுப்பினார். படித்துவிட்டுக் காரைக் கிளப்பினேன். ஏழு மணிக்கே உள்ளே போய் நின்றேன்.

ஹால் முழுக்கப் பட்டுப்புடவை. கலாவதி ஆன்ட்டி தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

"கிளாஸ்னு சொன்னாங்களே? வா, வா," என்றார் வாட்ஸப் குரூப்பை நடத்தும் ஸ்வர்ணா ஆன்ட்டி. "என்னம்மா, நெத்தி வெறும்னே இருக்கு?"

"நான் கிறிஸ்டியன், ஆன்ட்டி."

குரல் நன்றாகவே எழும்பியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்படியா?" என்றார் ஸ்வர்ணா ஆன்ட்டி. "சரி, எச்-ஒன் விசா லாட்டரில பேர் வந்துதா?"

"இல்ல. இந்த வருஷமும் வரலை."

"ஐயையோ!"

இப்போதுதான் ஹால் உண்மையிலேயே கலங்கியது. ஒருவர் நல்ல லாயர் இருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் கனடாவுக்கு அப்ளை பண்ணச் சொன்னார். ஸ்வர்ணா ஆன்ட்டி விபூதியை எடுத்துக்கொண்டு என் நெற்றியை நோக்கி வந்தார். கண்கள் கலங்கியிருந்தன. நான் நெற்றியைக் கையால் மூடிக்கொண்டேன்.

"வேண்டாம் ஆன்ட்டி."

அவர் கை நடுவில் நின்றது. கலாவதி ஆன்ட்டி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அட, ஆமால்ல," என்றார் ஸ்வர்ணா ஆன்ட்டி. "பரவால்ல, உனக்காக நான் வெச்சுக்கறேன்." அந்த விபூதியைத் தன் நெற்றியில் பட்டையாகப் பூசிக்கொண்டார். "அடுத்த வருஷம் கண்டிப்பா வந்துடும், பாரேன்."

"தேங்க்ஸ் ஆன்ட்டி," என்றேன்.

மறுத்தேனா, ஏற்றுக்கொண்டேனா என்று இன்னும் பிடிபடவில்லை.