ரேகா வரலையா சிஸ்டர்?

1

இந்தக் கதை நானாக எழுத வந்ததல்ல. என் தலையில் கட்டப்பட்டது. மஞ்சக்குப்பத்தில் நானும் ரேகாவும் ஒரே கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறோம். யாருடைய மூக்குக்கண்ணாடிக்கோ ஸ்குரூ முடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அனு, நீதான் கதையெல்லாம் எழுதுறியே. எனக்கு ஒரு சாட்சி எழுதிக் குடுடி."

(சாட்சி என்றதும் கோர்ட்டு ஞாபகம் வருகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று, ஆண்டவர் எனக்கு இன்னது செய்தார் என்று சபைக்குச் சொல்வதுதான் சாட்சி. நான் முருகனைக் கும்பிடுகிறவள். எனக்கே அவள் சொல்லித்தான் தெரியும். கஷ்டம் வந்தது, ஜெபம் பண்ணினோம், அற்புதம் நடந்தது என்று வரிசையாகப் போகவேண்டுமாம்.)

"சரி, அற்புதம் நடந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் எதைடி எழுதுறது?"

"அதுக்குத்தானே உன்கிட்ட வந்தேன்."

2

முதல் தொடக்கம்: 'குடிகாட்டு வளைவில் அந்த வேன்...' வேண்டாம். விபத்தை எழுதினால் விபத்தே கதையாகிவிடும்.

அடுத்தது: 'விசுவாசத்தில் பாறை போன்றவள் ரேகா.' பாறையாவது மண்ணாவது. போன வாரம் என் துப்பட்டாவில் மூக்கைச் சிந்தியவள்தான் இந்தப் பாறை.

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ரேகாவின் கணவர் செம்பியன் வேன் ஓட்டுகிறவர். வேன் கவிழ்ந்து தலையில் அடி. சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உயிருக்குப் பயமில்லை. பேசுகிறார், சாப்பிடுகிறார். கல்யாணம், வாடகை வீடு, ரேகாவுக்குப் பிடித்த பரோட்டாக் கடை எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவள் முகம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டுகிறவளை நர்ஸ் என்று நினைத்துக்கொண்டு கேட்கிறார்:

"ரேகா வரலையா சிஸ்டர்?"

அந்த ஞாபகம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

"அவரு அப்படிக் கேட்டா நீ என்ன சொல்லுவே?" என்றேன்.

"வந்துகிட்டே இருக்காங்கன்னு சொல்லுவேன். வேற என்னத்த சொல்றது?"

3

ஒரு பாத்திரமாக ரேகா மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு காலையில் கடைக்கு வந்து, வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுகிறவளை யார் நம்புவார்கள்? நானே நம்பமாட்டேன். சாயங்காலம் சிதம்பரம் பஸ்ஸில் அவளை ஏற்றிவிடப் போனபோது கேட்டே விட்டேன்.

"உனக்குக் கோவமே வராதா?"

"வராம? நேத்து நல்லாத் திட்டிட்டேன்."

"யாரை, டாக்டரையா?"

"இயேசப்பாவை. ஆஸ்பத்திரி பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு, நீர் இருக்கீரா இல்லியான்னு கேட்டேன்."

"பதில் சொன்னாரா?"

"ஒன்னும் சொல்லல. மூஞ்சியக் கழுவிட்டு வந்து அவருக்கு முதுகு துடைச்சு விட்டேன். திட்டுறதுக்கு ஒருத்தர் இருக்காரே, அதுவே பெரிய பெலம்டி. இல்லேன்னா என் வீட்டுக்காரரையில்ல திட்டியிருப்பேன், பாவம்."

நான் முருகனை ஒரு தடவைகூடத் திட்டியதில்லை. பயம்தான் காரணம்.

4

முடிவு, ஒன்று: செம்பியன் கண் திறந்து "ரேகா" என்கிறார். எழுதும்போது நானே அழுதேன். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு அவரு மறுபடியும் சிஸ்டர்னு கூப்பிட்டா, நான் உன் மேலயா கோவிச்சுக்குறது?"

முடிவு, இரண்டு: கடைசிவரை அவருக்கு அவளைத் தெரியாமலே

(இதற்கு மேல் கை ஓடவில்லை.)

இதற்கிடையில் அவர்கள் சபைப் பாஸ்டர் தேவசகாயம் வேறு. "நடந்த பிறகு சொல்லலாமே ரேகாம்மா. பாதியில சொன்னா மத்தவுங்க சோர்ந்துபோயிடுவாங்க" என்றாராம். கதைக்கு ஒரு வில்லன் கிடைத்தார் என்று அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு அடிக்கடி சிதம்பரத்துக்கு பஸ் ஏறுகிற மனுஷனை எப்படித்தான் கெட்டவராக்குவது?

5

ஞாயிற்றுக்கிழமை நானும் போய்ப் பின்வரிசையில் பாயில் உட்கார்ந்தேன். "சாட்சி சொல்றவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்றார் பாஸ்டர். ரேகா எழுந்தாள். நான் எழுதிக் கொடுத்த தாளை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"அவருக்கு இன்னும் என்னைத் தெரியல. நீங்க எல்லாரும் ஜெபம் பண்ணீங்க, நடக்கல. எனக்குக் கோவம்தான். அவரு தெனம் என் மூஞ்சியப் பாத்துகிட்டே, ரேகா வரலையான்னு கேக்குறாரு. நான்தான் ஊட்டுறேன், நான்தான் துடைச்சு விடுறேன். செவ்வாக்கிழம அப்படிக் கேக்கும்போது எனக்குக் கை நின்னுபோச்சு. நானும் ஆண்டவர்கிட்ட இதையேதான கேட்டுகிட்டு இருக்கேன், ஏன் வரலை, ஏன் வரலைன்னு? அப்ப இத்தன நாளா எனக்கு ஊட்டுனது யாரு?"

கைப்பையை இழுத்து மூடினாள்.

"அவ்ளோதான். மீதி நடந்தா வந்து சொல்றேன். நடக்கலேன்னாலும் வந்து சொல்றேன்."

உட்கார்ந்துவிட்டாள். எந்த இடத்தில் அல்லேலூயா சொல்வதென்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் பாஸ்டர்தான், மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "ஆமென்" என்றார்.

(நான் எழுதிக் கொடுத்ததில் இப்படி ஒரு வரிகூட இல்லை. பொறாமையாக இருந்தது. அழுகையும் வந்தது.)

6

அன்றைக்கு நானும் அவளோடு சிதம்பரத்துக்குப் போனேன். முடிவைத் தேடித்தான் போனேன் என்று நீங்கள் நினைத்தால், ஆமாம்.

ரேகா கட்டிலின் இந்தப் பக்கம் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். நான் கால்மாட்டில் நின்றேன். செம்பியன் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, ரேகா வரலையா?"

ரேகாவும் என்னைப் பார்த்தாள். 'வந்துகிட்டே இருக்கா' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"வந்துட்டா அண்ணே" என்று வந்துவிட்டது.

அவர் முகம் மலர்ந்து, தலையை வாசல் பக்கம் திருப்பினார். வாசலில் யாரும் இல்லை. இந்தப் பக்கம் ஸ்பூனைப் பிடித்தபடி ரேகா அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. நடக்காததை எழுதமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்குப் பொறுக்கவில்லையென்றால் அவர் தலையை நீங்களே இந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். மெதுவாக. இடது காதுக்கு மேலே தையல் போட்டிருக்கிறது.