ஆறு வயதுக்குக் கீழ் யாரும் இல்லை

கதவு தட்டும் சத்தம் கேட்டதும் ஜெனாய்டா துணிக்கூடையைத் தூக்கி வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். அதில் இருந்ததெல்லாம் துவைத்து மடித்த துணி. அதையே கலைத்துப் போட்டு வைத்திருந்தாள். கூடை நிறைந்து தெரிய வேண்டும், அதற்குப் பின்னால் இருப்பது தெரியக் கூடாது.

வாசலில் ஸ்பேனரோடு வீட்டுக்காரர் காசிமிர் வோய்டாஸ் நின்றார். கீழ்த்தளத்தில் இருப்பவர். குழாய் சொட்டுகிறது என்றால் உடனே மாடியேறி வந்துவிடுவார். அவர் வந்து போன பிறகும் குழாய் சொட்டும், அது வேறு விஷயம்.

"என்னம்மா, எப்பப் பாத்தாலும் துணியும் கையுமா நிக்கிற?"

"மீன் கடையில வேலை பாக்குறவரைக் கட்டிக்கிட்டா என்ன சார் பண்றது? அவர் சட்டையைத் தண்ணியில போட்டா நீந்துது."

காசிமிர் சிரித்தார். அவளும் சிரித்தாள், கூடையை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு.

அமெரிக்காவில், வூஸ்டர் நகரின் அந்தத் தெரு முழுக்க மூன்றடுக்கு மர வீடுகள். கம்பி ஆலைக்கு ஆள் வந்து குவிந்த காலத்தில் கட்டியவை. அன்றைக்குப் பூசிய பெயிண்டில் காரீயம் உண்டு, சின்னக் குழந்தைகளுக்கு அது விஷம். ஆறு வயதுக்குக் கீழ் குழந்தை குடியிருந்தால் வீட்டுக்காரர் தன் செலவில் அந்த ஆபத்தைப் போக்கியாக வேண்டும் என்பது ஒரு சட்டம். குழந்தை இருக்கிறது என்பதற்காக வீடு இல்லை என்று சொல்லக் கூடாது என்பது இன்னொரு சட்டம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருப்பதைத் தெருவின் வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்கள் யாரையும் எதுவும் கேட்பதில்லை. "இது அமைதியான வீடு" என்று சொல்லிவிட்டு எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பார்கள். காசிமிர் ஒரு படி மேலே போய், வீடு பார்க்க வருகிறவர்கள் முன்னால் ஒரு கிண்ணம் குச்சி மிட்டாய் வைப்பார். ஒன்று எடுத்து வாயில் போட்டால் வீடு உண்டு. வீட்டில் இருக்கும் பிள்ளைக்கென்று இன்னொன்று பைக்குள் போனால், "அடடா, நேத்துத்தான் ஒருத்தர் பேசி முடிச்சுட்டுப் போனாரு!"

இத்தனைக்கும் கெட்ட மனிதர் இல்லை. பனி கொட்டினால் எல்லார் காரையும் தோண்டி எடுத்துக் கொடுப்பார். அதுதான் எரிச்சலாக இருக்கிறது. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

அன்றைக்கும் அந்த நல்ல குணம்தான் காரியத்தைக் கெடுத்தது. குழாயைத் தட்டிவிட்டுக் கிளம்பும்போது, "குடும்மா, கீழதான போறேன், மெஷின்ல போட்டுடறேன்" என்று கூடையைப் பிடித்தார். அவள் இழுத்தாள். அவரும் இழுத்தார். கூடை அவரோடு போயிற்று, வயிறு அவளோடு நின்றது.

காசிமிரின் பார்வை கூடையிலிருந்து வயிற்றுக்குப் போனது.

"எத்தனை மாசம்?"

"ஏழு."

"வாழ்த்துகள்" என்றார் காசிமிர், இழவு வீட்டில் சொல்வது போல.

அன்றிலிருந்து அவருக்கு அவள் மேல் பாசம் பொங்கிவிட்டது. மாடிப்படி செங்குத்து என்றார். ஊருக்கு வெளியே தன் மைத்துனருக்குத் தெரிந்த வீடு ஒன்றில் தோட்டம் இருக்கிறது என்றார். குழந்தைக்குப் புல்வெளி வேண்டாமா என்று கண்கலங்கினார். எதற்கும் அசையவில்லை என்றதும் பெயிண்ட் டப்பாவோடு வந்து ஜன்னல் கட்டைகளுக்கு இன்னொரு பூச்சு கொடுத்தார்.

"பாத்தியா? பழசு எல்லாம் உள்ள போயிடுச்சு."

ஜெனாய்டா ஜன்னலை ஏற்றி இறக்கிக் காட்டினாள். ஜன்னல் சட்டகம் உரசிய இடத்தில் வெள்ளைப் பொடி உதிர்ந்தது.

"உள்ள போனது வெளிய வந்துடுச்சு சார். நாளைக்கு என் புள்ள தவழும், இதுல கைய வைக்கும், கைய வாயில வைக்கும். மூளைக்கு ஆகாதுன்னு ஆஸ்பத்திரியில நர்ஸ் சொல்றாங்க."

"நர்ஸுக்கு என்ன தெரியும்? நான் பொறந்து வளர்ந்ததே இந்த வீட்லதான். பல்லு முளைக்கிறப்ப இதே கட்டையத்தான் கடிச்சேன். எனக்கு என்ன ஆயிடுச்சு?"

சொல்லிக்கொண்டே மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அது அவர் நெற்றிமேல் இருந்தது.

இரவு அவள் கணவன் அனில்டோ அடுப்பில் மக்காச்சோளமும் பயறும் வேகும் கச்சுப்பாவைக் கிண்டியபடி, "போயிடலாம் ஜெனி, எதுக்கு வம்பு?" என்றான்.

"எங்க போறது? அடுத்த வீட்லயும் அமைதிதான் வேணும்பாங்க. புள்ளையப் பீரோவுலயா வைக்க முடியும்?" சிரிக்கத்தான் பார்த்தாள், அழுகை வந்துவிட்டது. அவளுக்குப் பயமாக இருந்தது. பிறக்காத பிள்ளைக்கு இப்போதே ஒளியக் கற்றுக்கொடுத்துவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஜூலையில் பெண் பிறந்தது. இவோன் என்று பெயர் வைத்தார்கள். தொண்டை, அப்பா மீன் கடையில் கூவும் அதே தொண்டை. ஒரே அழுகையில் தெருவுக்கே தன் வருகையைச் சொல்லிவிட்டாள். பிள்ளை வீட்டுக்கு வந்த மறுநாளே ஜெனாய்டா நகர சுகாதார அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

வந்த ஆய்வாளர் அம்மாள் காரீயத்தை அளக்கும், துப்பாக்கி போன்ற கருவி ஒன்றை ஜன்னல் கட்டையில் வைத்து அழுத்தினார். அது காட்டிய எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பின்னாலேயே வந்த காசிமிர், "மெஷின் பழசோ என்னவோ" என்றார்.

"மெஷின் புதுசு. வீடுதான் பழசு."

"சரி, இவங்க ஒப்பந்தம் முடியப்போகுது. நானே காலி பண்ணச் சொல்லலாம்னு..."

"புகார் குடுத்தவங்களைப் பழிவாங்குறதுக்கு எதிராவும் இங்க சட்டம் இருக்கு, தெரியுமில்ல?" என்றார் அந்த அம்மாள், மிக இனிமையாக.

உரிமம் பெற்ற ஆட்கள் வந்தார்கள். பிளாஸ்டிக் திரை கட்டி, ஜன்னல்களை மாற்றி, கதவு விளிம்புகளைச் சுரண்டினார்கள். அதுவரை காசிமிர் செலவில் ஜெனாய்டா குடும்பம் ஹோட்டலில் தங்கியது. இந்த வேலைக்கு அரசு கடன் உதவி இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. யாரிடமும் எதுவும் கேட்காத வழக்கம் இத்தனை வருஷம் அவரை அரசு அலுவலகத்திலும் வாயடைத்து வைத்திருந்தது. ஜெனாய்டாவின் மூன்றாம் தளம் பளபளவென்று ஆனதும் தானே நினைத்துச் செய்தது போல தெருவெல்லாம் சொல்லிக்கொண்டார்.

இலையுதிர் காலத்தில் நடுத்தளம் காலியானது. அங்கே எந்தக் கருவியும் வைக்கப்படவில்லை. வீடு பார்க்க ஓர் இளம்பெண் வந்தபோது ஜெனாய்டா இவோனை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

"இது அமைதியான வீடும்மா" என்றார் காசிமிர்.

"நான் தனி ஆள்தான் சார்" என்றாள் அந்தப் பெண். சொல்லும்போதே நின்ற இடத்தில் மெல்ல ஆடினாள். இடுப்பில் யாரும் இல்லை, ஆனால் பிள்ளையைச் சுமப்பது போல அது ஒரு பக்கமாக ஒடிந்து நின்றது. அந்த ஆட்டம் ஜெனாய்டாவுக்குத் தெரியும்.

"புள்ளைய எங்க விட்டுட்டு வந்தம்மா?" என்றாள் ஜெனாய்டா.

அந்தப் பெண் விழித்தாள். காசிமிர் இருமினார்.

"கூட்டிட்டு வாம்மா. புள்ள இருக்கான்னு இவர் கேக்கவும் கூடாது, மாட்டேன்னு சொல்லவும் கூடாது. பெயிண்ட் வேலையச் செய்யலேன்னா யாருக்குப் போன் பண்ணணும்னு நான் சொல்றேன். நம்பர் எனக்கு மனப்பாடம்."

பெண் காசிமிரைப் பார்த்தாள், இவோனைப் பார்த்தாள், பிறகு வாசலுக்குப் போய்க் கையசைத்தாள். தெரு முனையில் நின்ற காரின் பின்சீட்டிலிருந்து நான்கு வயதுச் சிறுமி தலையை நீட்டி, இறங்கி ஓடி வந்தாள். உள்ளே வந்தவள் அம்மாவின் பாவாடையைப் பிடித்து இழுத்து, ரகசியமாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"அம்மா, இந்த வீட்ல நான் இருக்கேனா, இல்லையா?"

காசிமிர் தரையைப் பார்த்தார்.

"இருக்கடி, கண்ணு" என்றாள் ஜெனாய்டா.