அந்தி சாயும்வரை செல்லக்கனியின் கைகள்

1

இந்தக் கதை என் சோம்பலில் பிறந்தது. ரெவிதீம் யுத்தம் தரும் பாடங்கள் என்று சபைப் பத்திரிகைக்கு ஒரு பக்கம் கேட்டிருந்தார் எங்கள் போதகர். யாத்திராகமம் வாசித்தவர்களுக்குப் பழகிய சங்கதிதான். கீழே யோசுவா அமலேக்கியரோடு போர் செய்கிறான். மலையுச்சியில் மோசே. அவர் கை உயர்ந்திருந்தால் இஸ்ரவேல் ஜெயிக்கிறது, தாழ்ந்தால் அமலேக்கு. கை ஓய்ந்துபோகிறது. ஆரோனும் ஊரும்* ஆளுக்கொரு பக்கம் நின்று, பொழுது சாயும்வரை தாங்குகிறார்கள்.

(* ஊர் என்பது ஆள் பெயர். வரைபடத்தில் தேட வேண்டாம்.)

முதல் பாடம்: ஜெபத்தில் தளராதிருத்தல். இரண்டாம் பாடம்:

அதற்குமேல் ஓடவில்லை. எழுதச் சோம்பல்பட்டு, ஒரு நோயாளியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.

2

"2006, தீபாவளி சீசன். ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில்..." வேண்டாம், செய்தித்தாள் வாடை.

"செல்லக்கனியின் கைகள் வானத்தை நோக்கி..." இது பிரசங்க வாடை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். செல்லக்கனி எங்கள் சபைப் பெண். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிற செட்டில் தீப்பிடித்து இரண்டு கையும் வெந்துவிட்டன. வீக்கம் ஏறினால் விரல்கள் செத்துப்போகும், கையை நெஞ்சுக்கு மேலே தூக்கியே வைத்திருங்கள், விரல்களை எடுப்பதா வேண்டாமா என்று சாயங்காலம் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் டாக்டர். தலையணை வைத்தால் சரிந்தது. துணியில் கட்டித் தொங்கவிட்டால் வெந்த தோல் உரிந்தது. அதனால் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கையைத் தாங்கிக்கொண்டு நின்றார்கள்.

இடப்பக்கம் பைரோஜா, செல்லக்கனிக்கு அடுத்த வீட்டுக்காரி, மளிகைக்கடை சாதிக் பாட்சாவின் மனைவி. வலப்பக்கம் ராமுத்தாய், அதே செட்டில் எதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவள்.

[இங்கே எனக்கே சந்தேகம் வந்தது. மூன்று மதமும் ஒரே கட்டிலைச் சுற்றி நின்றால் அரசாங்க விளம்பரம் மாதிரி இருக்கிறது. பைரோஜாவை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். இடது கை இறங்கிவிட்டது. உடனே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டேன்.]

3

நான் மோசே கதையைச் சொன்னேன். எனக்கு வேறென்ன தெரியும்?

"எங்க மூசா நபியவா சொல்லுதீக? அவுகளுக்கேவா கை ஓஞ்சுச்சு?" என்றாள் பைரோஜா.

"ஓஞ்சுச்சாம்."

"அப்பச் சரி. செல்லக்கனிக்கா, நீங்க சங்கடப்படாதீக."

கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. சத்தம் கேட்டால் ஓடு, திரும்பிப் பார்க்காதே. தீப்பிடித்தபோது ராமுத்தாய் ஓடினாள். ஓடியது சரிதான், நின்றிருந்தால் இரண்டு பேரும் போயிருப்பார்கள். செல்லக்கனியே அதைச் சொல்லிவிட்டாள். ராமுத்தாயின் மனசுதான் கேட்கவில்லை.

வெயில் இறங்குகிற நேரம், வெளியே ஏதோ கல்யாண ஊர்வலத்தில் சரவெடி கொளுத்தினார்கள். நாட்டுக்கே வெடி செய்து அனுப்புகிற சனம், அந்தச் சத்தத்துக்கு வார்டைக் காலி செய்துவிட்டு ஓடியது. கால் தானாகப் போகிறது. பைரோஜா வெடிமருந்தைத் தொட்டுப் பழகாதவள், கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ராமுத்தாயின் பாதங்கள் வாசற்பக்கம் திரும்பிவிட்டன.

"ஓடிரு தாயி" என்றாள் செல்லக்கனி. "ராமுத்தாயி, ஓடு."

"சும்மா கெட."

கை இறங்கவில்லை.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மோசேயின் கை ஓய்ந்தது என்று வேதத்தில் இருக்கிறது. ஆரோனுக்குத் தோள் வலித்ததா, ஓடிப்போகத் தோன்றியதா என்று ஒரு வரி கிடையாது. இத்தனை வருடம் வாசித்தும் எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. ஒரு போரின் முடிவையே கடவுள் இப்படி இரண்டு பேருடைய தோளில் வைத்திருக்கிறார் என்பது அந்த வார்டில்தான் உறைத்தது. நான் நின்ற இடத்திலேயே செருப்பைக் கழற்றினேன்.

4

இனி முடிவு. டாக்டர் வந்தார், விரல்கள் அசைந்தன. இப்படி எழுதினால் போதகருக்குச் சந்தோஷம். விரல்கள் அசையவில்லை. இப்படி எழுதினால் இலக்கிய நண்பர்களுக்கு. இரண்டையும் அடித்துவிட்டேன். என் கதையில் டாக்டர் இன்னும் வரவில்லை. ஜன்னலில் கொஞ்சம் வெயில் பாக்கியிருக்கிறது.

ராமுத்தாய் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. என்னைக் கேட்கமாட்டாள், நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். வாசலில் நின்று இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்த உங்களை இப்போதுதான் கவனிக்கிறாள்.

"செத்த வந்து பிடிக்கீகளா? ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துருதேன். முளங்கைக்குக் கீள பிடிங்க. தாழ விட்றாதீக."