ரோஜரின் காலடியில்

1

அன்று ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறையில் இருந்தவர்கள் மூவர்: ஹொனோரியா தோரல்டனாகிய நான், என் தம்பி ஆம்ப்ரோஸ், பழைய லத்தீன் கையெழுத்தைப் படித்துச் சொல்லும் டிபெட் அம்மாள். வேறு எவரும் இல்லை. ஸ்கெல்பி ஊர் மதுக்கடையில் இந்தக் கதை பல உருவத்தில் உலவுகிறது. ஒன்றும் சரியில்லை என்பதால்தான் நானே எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "அறுநூறு ஆண்டுகளாக ஸ்கெல்பி நிலத்தைக் காத்த தோரல்டன் இரத்தம்…"

[அந்தச் சொல்லுக்கு மேல் பேனா நகரவில்லை. அடிக்காமல் விட்டுவைக்கிறேன்.]

2

ஆம்ப்ரோஸ் குடும்ப வரலாறு எழுதுகிறான். அறுவடைத் திருநாளன்று தேவாலயத்தில் வெளியீடு. குடும்பத்தில் மூத்தவளான நான் சம்மதித்தால்தான் அச்சுக்குப் போகும். வம்சத்தின் வேரான ரோஜருக்கு நிலம் கைக்கு வந்த விதம் மட்டும் எழுத வேண்டியிருந்தது.

ரோஜர் பிறக்குமுன்பே தகப்பன் இறந்துவிட்டார். வாரிசு இல்லையென்றால் நிலம் அரசருக்கு. வாரிசு இருந்தாலும், இருபத்தொரு வயது ஆனதென்று நிரூபிக்க வேண்டும். பிறப்புப் பதிவு கிடையாத காலம். டிபெட் அம்மாள் வாசித்த பழைய சாட்சிப் பதிவின்படி, பன்னிரண்டு ஆண்கள் வந்து, அந்தப் பிள்ளை பிறந்த நாள் தமக்கு ஏன் மறக்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள். ஒருவர் அன்று ஏணியிலிருந்து விழுந்தார். ஒருவருடைய வைக்கோல் போர் எரிந்தது. கடைசி ஆள் வால்ட்டர், குழிவெட்டி. அன்று ஒரு கைக்குழந்தைக்குக் குழி தோண்டியதால் மறக்கவில்லை என்றான்.

ஆம்ப்ரோஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் அசரவில்லை. நாடு முழுக்க இதே ஏணி, இதே வைக்கோல் போர்தான். எழுத்தர்கள் ஒன்றைப் பார்த்து ஒன்றை எழுதினார்கள். அதை உண்மையென்று நம்புவது கற்றுக்குட்டிகளின் தவறு என்று சொன்னேன்.

[வால்ட்டர் என்று ஒருவன் இருந்தானா என்றே எனக்குச் சந்தேகம். அவனைக் கதையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். மறுவாசிப்பில் குழி மட்டும் அங்கேயே இருந்தது.]

3

டிபெட் அம்மாள் அடுத்து ரோஜரின் உயிலை விரித்தார். பாதியில் குரல் நின்றது.

"உனக்குச் சம்பளம் வாசிக்கத்தான். வாசி," என்றேன்.

"வாசிக்கிறேன் மேடம். கேக்குறதுக்கு உங்களுக்குத் தெம்பு இருக்கட்டும்," என்று அவர் வாசித்தார்: "என்னைத் தகப்பனார் பக்கத்தில் வைக்க வேண்டாம். வடபுறத்தில், ரோஜரின் காலடியில் வையுங்கள். அவன் நிலத்தை நான் பார்த்துக்கொண்டேன்."

வெயில் அடித்துக்கொண்டிருந்த அறையில் ஆம்ப்ரோஸ் கோட்டுப் பொத்தான்களைப் போட்டான்.

"அக்கா, எழுதுனவன் பேரே ரோஜர்தானே. அப்போ யாரு காலடியில?"

ஞானஸ்நானம் பெறாதவர்களைப் புதைக்கும் இடம் தேவாலயத்தின் வடபுறம். அங்கே பெயரில்லாத சிறு கல் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் யாரும் அதை மிதிப்பதில்லை. ஏனென்று யாரும் கேட்டதுமில்லை.

"இதை அச்சுல போடணும்க்கா," என்றான்.

"போட்டா நாம யாருடா?"

"தெரியல. ஆனா அந்தக் கல்லுக்குக் கீழ கிடக்குறவன் யாருன்னு தெரியும்ல."

4

முடிவுகள் இரண்டு எழுதினேன்.

முதலாவது: இரட்டைப் பிள்ளைகள். ஒரே ஞானத்தகப்பனின் பெயரை அண்ணன் தம்பி இருவருக்கும் வைக்கும் வழக்கம் அன்று உண்டு. ஞானஸ்நானத்துக்கு முன்பே ஒருவன் இறந்தான், ஒருவன் வாழ்ந்தான். குடும்பத்துக்குக் குறையில்லை.

இரண்டாவது: பிள்ளை இறந்தது. அரசரின் ஆட்கள் வருமுன் தொட்டிலில் வேறொரு பிள்ளை கிடந்தது. அது யார் வீட்டுப் பிள்ளையோ, அதன் தாய் அதற்குப் பிறகு எந்த முகத்தோடு…

[இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.]

முதலாவதை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். இரண்டாவதை எழுதியபோது பின்னாலிருந்து யாரோ சரிபார்ப்பதுபோல் இருந்தது. சம்மதத்தாள் இன்னும் என் மேஜையில் கிடக்கிறது. எது அச்சேற வேண்டுமென்று வாசகர் சொல்லட்டும்; நான் சொல்வதாக இல்லை.

5

ஒன்றை மட்டும் திருத்திவிடுகிறேன். நான் மனம் இளகி, அந்தச் சிறு கல்லில் ரோஜர் என்று பெயர் பொறிக்கச் சொன்னதாக ஊரில் பேச்சு. பொய். நானும் சொல்லவில்லை, ஆம்ப்ரோஸும் சொல்லவில்லை. போய்ப் பார்த்தேன். பெயர் இருக்கிறது. எழுத்தின் பள்ளங்களில் பல காலத்துப் பாசி பிடித்திருக்கிறது.