கடைசிப் பட்டாணி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் வாய்தான் ஓடும், மூளை பின்னால் மூச்சிரைக்க வரும். குடியாத்தத்தில் இது எங்கள் தெருவுக்கே தெரியும். இரண்டாயிரமாம் வருஷம் ஆயுத பூஜை அன்று, நான் அறை எடுத்துப் படித்துக்கொண்டிருந்த நீலசந்திராவுக்கும் தெரிந்துபோயிற்று.

முந்தின நாள் தோழி அனுஷா வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் அறைக்குத் திரும்பினேன். மேஜை காலி. கம்ப்யூட்டரைக் காணோம். எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக் கடைகளில் ஒவ்வொரு பாகமாகப் பொறுக்கி, ஸ்குரூ டிரைவரால் கையைக் கிழித்துக்கொண்டு நானே கோர்த்த கம்ப்யூட்டர். 'திருடன், திருடன்' என்று கத்திக்கொண்டே படியிறங்கினேன். கீழே வீட்டுக்காரி ரத்தினம்மாள் அக்காவின் மாவு மில். அங்கே, அரைக்கிற மிஷினுக்கும் தராசுக்கும் நடுவே, சாமந்தி மாலை போட்டுக்கொண்டு என் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. மானிட்டர் நெற்றியில் சந்தனம், குங்குமம். என்றைக்கோ ஒரு நாள் மௌஸைத் திருப்பி, உள்ளே குண்டு உருளுவதை அக்காவிடம் காட்டியிருந்தேன். உருளுகிற சாமான் என்றால் வண்டிச் சக்கரத்துக்கு வைப்பதுபோல எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் அல்லவா? மௌஸுக்கும் ஒன்று வைத்திருந்தார்.

வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். மறுநாள் பதினொரு மணிக்குத் தொம்மலூரில் ஒரு சின்ன கம்பெனியில் என் புரோகிராமைக் காட்டியாக வேண்டும். முதலாளி சீனிவாசராகவனுக்கு நல்ல நாளில்தான் ஆள் எடுக்க வேண்டும், அதனால் விஜயதசமி. அவர் எடுத்துக்கொண்டால் கடைசி செமஸ்டர் பிராஜெக்ட் அங்கே, பிறகு வேலையும் அங்கேயே. இல்லையென்றால் குடியாத்தத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்பாவின் சிநேகிதர் டைப்பிங் சென்டரில் பிராஜெக்டை முடித்துவிடலாமாம், வீட்டுச் சாப்பாடாம், அப்பா கண்ணெதிரிலேயே இருப்பேனாம். நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது.

புரோகிராமில் ஒரு கோளாறு வேறு இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளிகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராக டாக்டரிடம் அனுப்புகிற புரோகிராம் அது. நன்றாகத்தான் ஓடும், திடீரென்று செத்துப்போகும். ஏன் சாகிறது என்று ஒரு வாரமாகத் தெரியவில்லை. அன்று முழுக்க உட்கார்ந்து கண்டுபிடிப்பதாக இருந்தேன்.

மாலையைப் பிடுங்கப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"பூஜைல வெச்சதை நாளைக்கு மறுபூஜை ஆகாம தொடக்கூடாது. மில்லையே நிறுத்திட்டு உக்காந்திருக்கேன் நானு. உன் மிஷின் மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு? மேல அனாதையா கெடக்கணுமா?"

நான் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. மூடநம்பிக்கை என்றேன், என் பொருளைத் தொட நீ யார் என்றேன், வாடகை கொடுக்கிறேன், சும்மா இல்லை என்றேன். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மில்லில் வேலை செய்கிற நாகேஷ், 'சும்னே இருங்க மேடம்' என்று தன் கன்னடத் தமிழில் கெஞ்சிப் பார்த்தார். அக்கா முகம் சுண்டிப்போய் உள்ளே போய்விட்டார். அதைப் பார்த்தும் என் வாய் நிற்கவில்லை.

காலேஜ் லேப் பூட்டியிருக்கும். தெருமுனை டெஸ்மண்ட் கிறிஸ்தவர் ஆயிற்றே, அவருடைய பிரவுசிங் சென்டராவது திறந்திருக்கும் என்று ஓடினேன். திறந்துதான் இருந்தது. ஆனால் எல்லா கம்ப்யூட்டருக்கும் மாலை, வாசலில் உடைத்த பூசணிக்காய். என்ன அண்ணா, நீங்களுமா என்றேன். ஒரு வருஷம் பூஜை போடாமல் விட்டதில் இரண்டு மானிட்டர் புகைந்துவிட்டதாம், அதிலிருந்து மாதாவுக்கும் மெழுகுவத்தி, மிஷினுக்கும் மாலை, நாளை வரை எதையும் ஆன் பண்ணுவதில்லை என்றார். கையில் ஒரு பொட்டலம் பொரியைத் திணித்து அனுப்பினார். இந்த ஊரில் யாரைப் போய் நம்புவது?

திரும்பி வந்து மில் வாசற்படியில் உட்கார்ந்தேன். காகிதத்தில் போட்டுப் பார்க்கலாமென்றால் என் நோட்டும் பேனாவும்கூட சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தன. தெருவில் பையன்கள் பட்டாசு கொளுத்திக்கொண்டிருந்தார்கள். அழுகை முட்டியது. அழுதால் அக்கா பார்ப்பாரே என்று பொரியைத் தின்றேன்.

பொரிக்குள் வறுத்த பட்டாணி கிடந்தது. கை சும்மா இருக்குமா? பட்டாணிகளைப் பொறுக்கிப் படியில் வரிசையாக வைத்தேன். இவர்கள்தான் நோயாளிகள். என் புரோகிராமுக்கு இரண்டே விஷயம் ஞாபகம் இருந்தால் போதும்: வரிசையில் முதலில் நிற்பது யார், கடைசியில் நிற்பது யார். இடது கை விரலை முதல் பட்டாணிமேல் வைத்தேன், வலது கை விரலைக் கடைசிப் பட்டாணிமேல். புதிதாக ஒருவர் வந்தால் கடைசிப் பட்டாணிக்குப் பின்னால் ஒன்றை வைத்து, வலது விரலை அதற்கு நகர்த்த வேண்டும். டாக்டர் கூப்பிட்டால் முதல் பட்டாணி என் வாய்க்குள் போகும், இடது விரல் அடுத்ததற்கு நகரும். வைத்தேன், தின்றேன், வைத்தேன், தின்றேன். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. புரோகிராமில் தப்பே இல்லை என்று அதற்கும் கோபம் வந்தது.

கடைசியில் ஒரே ஒரு பட்டாணி மிஞ்சியது. முதல் ஆளும் அதுதான், கடைசி ஆளும் அதுதான். இரண்டு விரலும் அதன்மேலேயே இருந்தன. அதையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். இடது விரலுக்கு இனி வேலை இல்லை, எடுத்துவிட்டேன். வலது விரல் வெறும் படியைத் தொட்டுக்கொண்டு அங்கேயே நின்றது.

அதை எடுக்கச் சொல்லி நான் புரோகிராமில் எழுதவே இல்லை.

இப்போது புதிதாக ஒரு நோயாளி வந்தால் என் புரோகிராம் என்ன சொல்லும்? அதோ, கடைசியாக நிற்கிறாரே, அவர் பின்னால் போய் நில் என்று சொல்லும். அவரோ என் வயிற்றுக்குள் இருக்கிறார். சாகாமல் என்ன செய்யும் பாவம்! ஒரு வாரமாக நான் திரை முன்னால் உட்கார்ந்து பத்து பேர், இருபது பேர் என்று வரிசையை நிரப்பித்தான் பார்த்திருந்தேன். எப்போதாவது வரிசை முழுக்கக் காலியான பிறகுதான் அது சாகிறது என்பதைக் கவனிக்கவே இல்லை. எழுந்து குதித்தேன். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அக்கா, நான் மறுபடியும் சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் நான் எழுந்து வருவதற்குள் அக்கா தலைக்குக் குளித்து, கற்பூரம் காட்டி, மறுபூஜையை முடித்துவிட்டிருந்தார். வழக்கமாக எட்டு மணிக்குமேல்தான் செய்வாராம். நாகேஷ் சொன்னார். அவரும் அக்காவும் மானிட்டரைப் பிடித்து மாடிக்கு ஏற்றினார்கள். மன்னிச்சிருங்கக்கா என்றேன். "அட போம்மா, போய் வேலையைப் பாரு. அப்புறம் என் மேல பழி போடாதே" என்றார். சேர்க்க வேண்டியது ஒரே ஒரு வரி. சேர்த்து, ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டு தொம்மலூருக்கு பஸ் பிடித்தேன்.

சீனிவாசராகவன் ஃபிளாப்பியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அதிலும் அக்கா குங்குமம் வைத்திருந்தார். கைக்குட்டையால் மெதுவாகத் துடைத்துவிட்டு உள்ளே செருகினார். ஐந்தாறு பெயர்களைத் தட்டினார், ஒவ்வொருவராக டாக்டரிடம் அனுப்பினார். வரிசை காலியாயிற்று. காபியை ஒரு வாய் குடித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே புதிதாக ஒரு பெயரைத் தட்டினார். பெயர் சமர்த்தாக வரிசையில் போய் நின்றது.

"வர்றவங்க எல்லாரும் இந்த இடத்துலதான்மா விழுவாங்க. நீ எப்படிப் பிடிச்சே?"

"தின்னு பார்த்தேன் சார்" என்றேன்.

அவருக்குப் பட்டாணிக் கதையை முழுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

நீலசந்திராவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்தேன். அப்பாதான் எடுத்தார். என் கட்டிலை ஜன்னல் ஓரமாக நகர்த்திப் போட்டிருப்பதாகச் சொன்னார், எப்போது வருகிறாய் என்று கேட்டார். தெருவின் அந்தப் பக்கத்தில் மாவு மில் ஓட ஆரம்பித்திருந்தது. அந்தச் சத்தத்தில் நான் உரக்கப் பேச வேண்டியிருந்தது.

"தீபாவளிக்கு வர்றேம்பா. ஆபீஸ்ல ரெண்டு நாள் லீவு தர்றாங்களாம்."

"ஆபீஸ்லயா?" என்றார் அப்பா. பிறகு, "சரிம்மா. எந்த பஸ்ஸுன்னு சொல்லு. ஸ்டாண்டுல வந்து நிக்கிறேன்" என்றார்.