நாலாம் நிமிஷத்து "ம்"

பேராலயத்தில் ஆர்கன் வாசிப்பவனுக்கு அன்று மதியம் இருப்புக்கொள்ளவில்லை. ஷூ கயிற்றை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினான். ஆர்கன் இருக்கும் மாடத்துக்குக் காரணமில்லாமல் ஏறி இறங்கினான்.

ஐந்து நூற்றாண்டு, நூற்றாண்டுக்கு ஓர் இசை, எல்லாம் அவன் வாசித்து ஒரே இசைத்தட்டில். முதல் நான்கும் போன வருடமே பதிவாகிவிட்டன. அப்போது பக்கத்தில் நின்று இசைக்குறிப்புத் தாளைத் திருப்பியவள் அவன் மனைவி. ஐந்தாவதைத் தொடங்குமுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பதினோரு நாள். அவ்வளவுதான்.

ஐந்தாவது அன்று காலை முடிந்தது. வம்பு மூன்றாவதில். நாலாவது நிமிஷத்தில் ஆர்கன் அடங்கும் இடத்தில் யாரோ "ம்" என்கிறார்கள். அதை வெட்டினால் கூரையில் சுற்றிவரும் எதிரொலியும் சேர்ந்து போகும். மூன்றாவதை மதியமே திரும்ப வாசித்தே ஆகவேண்டும் என்று ஒலிப்பதிவாளர் ஒற்றைக்காலில் நின்றார்.

யார் குரல் என்று அவன் சொல்லவில்லை. தாள் திருப்புமுன் அவள் சொன்ன "ம்" அது. போனிலும் அவள் குரல் இருந்தது, ஆனால் அதெல்லாம் யார் யாரிடமோ பேசியது. இது அவனிடம் சொன்னது. பத்து மாதமாக ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருக்கிறான். மறுபதிவு நன்றாக வந்துவிட்டால் தட்டில் அவள் இருக்கமாட்டாள். வேண்டாம் என்றால் காரணம் சொல்லவேண்டும். அதற்கு வாய் வரவில்லை. தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்துக் கெடுத்தால் தேவலை என்றிருந்தது.

தாள் திருப்ப மனைவியின் தம்பி வந்திருந்தான். மருந்துக்கடைக்காரன். டாக்டர் கையெழுத்தையே படிக்கிறவன், இது எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று இசைக்குறிப்பைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தான். நான் தலையாட்டும்போது திருப்பு, போதும் என்று இவன் சொல்லிவைத்தான்.

லாரி வரவில்லை. ஒரு புறாகூட அசையவில்லை. கையும் காலும் தன்பாட்டில் வாசித்து முடித்தன.

கீழே, பாதிரியார் உடைமாற்றும் அறையில் மூவரும் உட்கார்ந்து கேட்டார்கள். நாலாவது நிமிஷம் வந்தது.

"ம்."

ஒலிப்பதிவாளர் நிறுத்தினார். திரும்ப ஓட்டினார். அதே "ம்".

"சார், அது நீங்கதானா? ஒரு வாரமா பேயைத் தேடிட்டு இருந்தேன்."

"நான் தலைதானே ஆட்டினேன்" என்றான் அவன்.

"எங்க ஆட்டினீங்க அத்தான்? உங்க தலையையே பாத்துக் கழுத்து சுளுக்கிடுச்சு. நீங்க ம்னீங்க, நான் திருப்பினேன்." மச்சினன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டான். "அக்கா எப்பவோ சொன்னா, உங்களுக்குத் தலையாட்ட வராதுன்னு."

அவன் எழுந்து ஜன்னல்வரை போனான். திரும்பி வந்தான். பத்து மாதமாகத் தன் தொண்டையையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். சிரிப்பு மாதிரி ஏதோ வந்து பாதியில் நின்றது.

"ரெண்டையும் அடுத்தடுத்துப் போடுங்க" என்றான்.

புதியதில் "ம்" முடிந்ததும் கோணியை இழுத்த மாதிரி சரக்கென்று தாள் புரண்டது. மச்சினன் அசடு வழிந்தான். பிறகு பழையது. "ம்." அடுத்து எதிரொலி மட்டும் தேய்ந்துகொண்டே போனது.

"இன்னும் சத்தமா வைங்க."

வைத்தார்.

"என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கலையே சார்."

"தாள் திருப்பற சத்தம்?"

ஒலிப்பதிவாளர் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். "இல்லையே. அந்த இடத்துல யாருமே திருப்பலையா?"

திருப்பினாள். பக்கத்தின் மூலையை முதல்நாளே மடித்துப் பழக்கி, விரலை ஈரமாக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்புவாள். இவன் ஒருநாளும் அதைக் கவனித்ததில்லை. கவனிக்கும்படி அவள் வைத்ததும் இல்லை.

"பழசே போகட்டும்."

"அப்ப அந்த ம்?"

"அதுவும் இருக்கட்டும். அதைக் கேட்டுத்தான் திருப்பினா."

ஒலிப்பதிவாளர் ஏதோ கேட்க வாயெடுத்தார். மச்சினன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்.

மேலே ஆர்கனுக்குக் காற்றடிக்கும் மோட்டார் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. நிறுத்தட்டுமா என்று கேட்ட மச்சினனை உட்காரவைத்துவிட்டு, இவனே இரண்டிரண்டு படியாக ஏறினான்.