சனிக்கிழமை 5.52

பால்பண்ணை சிக்னலில் பஸ் நின்று பத்து நிமிஷம் ஆகியிருந்தது. பிரேமலதா ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, திருவெறும்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து நிம்மதியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தானா போனில் அந்தப் படம் வர வேண்டும்!

அனுப்பியவள் ஜஹானாரா. திருவெறும்பூரில் பிரேமலதா வேலை பார்க்கும் பட்டறையில் பெயின்ட் அடிப்பதும் லாரியில் ஏற்றுவதும் ஜஹானாராவின் பொறுப்பு. ‘அக்கா, எட்டும் ரெடி. ஏத்த ஆரம்பிச்சாச்சு’ என்று எழுதி, எட்டு ஹெட்டர்களையும் வரிசையாகப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ஹெட்டர் என்றால் இரண்டு ஆள் நீளத்துக்குத் தடித்த குழாய். பாய்லரில் நீராவி வந்து சேரும் இடம். விழுப்புரம் பக்கத்துச் சர்க்கரை ஆலை ஒன்றுக்குப் போக வேண்டியவை.

பிரேமலதா படத்தை விரலால் பெரிதாக்கினாள். சும்மா ஒரு பெருமைக்குத்தான். ஒவ்வொரு ஹெட்டரின் முனையிலும், பட்டறையில் டெஸ்ட் பார்க்கும் மருதை இரும்பில் குழி விழ அடித்த பஞ்ச் எண் இருக்கும். குழாய்க்குள் தண்ணீர் நிரப்பி, பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி, அரை மணி நேரம் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் மருதை சுத்தியலைக் கையில் எடுப்பார். மேலே பெயின்ட் அடித்தாலும் அந்தக் குழி தெரியும். முதல் நான்கில் தெரிந்தது. ஐந்தாவதில் இல்லை. ஆறு, ஏழு, எட்டு, எதிலுமே இல்லை.

ஏன் இல்லை என்று அவள் வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதுதான் கொடுமை.

ஆறு மாசத்துக்கு முன்னால் அந்தச் சாஃப்ட்வேரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தவளே அவள்தான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்டு. தாமதமானால் சிவப்பு, நடந்துகொண்டிருந்தால் மஞ்சள், முடிந்தால் பச்சை. சுவரில் பெரிய டிவி மாட்டி எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாள். திங்கட்கிழமை அந்த வாரத்தின் இலக்கு, சனிக்கிழமை சரியாக ஆறு மணிக்கு எத்தனை சதவீதம் என்ற கணக்கு. “இதெல்லாம் ஐடி கம்பெனிக்காரன் விளையாட்டும்மா” என்று முதலில் அலுத்துக்கொண்ட முதலாளி சிவசங்கர், இப்போது அந்த டிவியைப் பார்க்காமல் டீகூடக் குடிப்பதில்லை. தொடர்ந்து நாலு வாரம் நூறு வந்தால் மேனேஜர் நாற்காலி உங்களுக்குத்தான் என்று பட்டறையே கேட்கச் சொல்லிவிட்டார்.

மூன்று வாரம் நூறு வந்தது. நாலாவது வாரம், போன சனிக்கிழமை, டெஸ்ட் பம்பின் சீல் பிய்த்துக்கொண்டது. “திங்கக்கிழமைதாம்மா சரியாகும், வந்ததும் மொத வேலை இதுதான்” என்று சொல்லிவிட்டு மருதை வீட்டுக்குப் போய்விட்டார். டிவியில் நாலே நாலு மஞ்சள் கார்டு, கடைசி நாலு ஹெட்டர்களின் டெஸ்ட். மணி ஐந்தே முக்கால். நாளை மறுநாள் முடியப் போகிற வேலைதானே, யார் குடி முழுகிவிடப் போகிறது என்று அவள் நாலையும் பச்சைக்கு நகர்த்திவிட்டாள். மருதைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கத்தான் செய்தாள். அன்றிரவே மகளுக்குக் காய்ச்சல். திங்களும் செவ்வாயும் லீவு, இன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்புகிறாள். போன் அப்படியே மறந்துபோனது.

ஆனால் பட்டறை மறக்கவில்லையே! பச்சையைப் பார்த்துத்தான் அங்கே அடுத்தவன் கை வைப்பான். அப்படிப் பழக்கியவளே அவள்தானே. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் ஆட்கள் நாலுக்கும் பெயின்ட் அடித்து முடித்திருக்கிறார்கள்.

ஜஹானாராவை அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். நாலாவது தடவை கிரேன் சத்தத்துக்கு நடுவே குரல் வந்தது.

“ஏத்துறத நிறுத்து ஜஹானாரா.”

“அக்கா, மூணு ஏத்தியாச்சு. மொதலாளி பக்கத்துலதான் நிக்கிறாரு.”

“நிறுத்துன்னா நிறுத்து! கடைசி நாலுக்கும் டெஸ்ட் ஆகல.”

“டிவில பச்சையா இருக்கே அக்கா?”

“வந்து சொல்றேன்” என்று வைத்துவிட்டு, கண்டக்டர் கத்தக் கத்தக் கீழே குதித்து ஆட்டோ பிடித்தாள்.

பட்டறை வாசலில் இறங்கும்போதே சிவசங்கரின் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. மருதை தலையைக் குனிந்தபடி லாரிக்குப் பக்கத்தில் நின்றார். ஐம்பத்தைந்து வயது மனிதர், கையில் பிடித்த துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார்.

“இருபது வருஷமா இதே வேலையைப் பாக்குறியே, டெஸ்ட் பண்ணாம எப்படிய்யா விட்ட?”

“திங்கக்கிழமை வந்தப்பவே டிவில பச்சையா இருந்துச்சுங்க. பெயின்டும் அடிச்சிருந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஆளுங்க வேற பம்பு கொண்டாந்து முடிச்சிருப்பாங்கன்னு நெனச்சேங்க.”

“டெஸ்ட் கார்ட நீதானே மாத்துவ? வேற எவன் பச்சையாக்குனான்?”

“நான் தொடவே இல்லீங்க.”

“அப்ப பேய் வந்து மாத்துச்சா?” என்றவர் பிரேமலதாவைப் பார்த்ததும் குரலைத் தணித்தார். “நல்ல வேளைங்க பிரேமா, கரெக்டா கண்டுபுடிச்சீங்க. பதினோரு மணிக்கு ஆலையிலேர்ந்து இன்ஸ்பெக்டர் லூர்துராணி வந்துடுவாங்க. தப்பு பண்ணவன வீட்டுக்கு அனுப்பியாச்சுன்னு சொல்லிட்டா ரெண்டு நாள் டயம் குடுப்பாங்க. மருதை, நீ கெளம்பு.”

மருதை நிமிர்ந்து பிரேமலதாவைத்தான் பார்த்தார். “நீங்களாச்சும் சொல்லுங்கம்மா. பொய் சொல்ற ஆளா நான்?”

அவள் கையில் போன் திறந்தே இருந்தது. யார் எந்தக் கார்டை எப்போது தொட்டார்கள் என்கிற விவரம் அவளுக்கு மட்டுமே தெரியும்படி அமைத்திருந்தாள். ‘பிரேமலதா, சனிக்கிழமை, 5.52.’ நாலு கார்டிலும் ஒரே வரி. கீழேயே கார்டை அழிக்கும் பட்டன். அழித்துவிட்டுப் புதிதாக நாலு போட்டால் ஒரு நாய்க்கும் தெரியாது. மேனேஜர் நாற்காலி. மகள் ஸ்கூலுக்குக்கூட ‘அடுத்த மாசம் ஃபீஸ் கட்டிவிடுகிறேன்’ என்று தைரியமாகச் சொல்லி வைத்திருக்கிறாள். சண்டாளி, இந்த நேரத்தில்கூட எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறதா என்று அவளுக்கே அவள்மேல் ஆத்திரம் வந்தது. மருதை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிள் நிற்கும் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

வாசலில் கார் வந்து நின்றது. லூர்துராணி இறங்கினாள்.

“மருதை அண்ணே, நில்லுங்க!” பிரேமலதாவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “பச்சையாக்குனது நான்தான் சார். சனிக்கிழமை நூறு வரணும்னு நான்தான் நகத்துனேன். அண்ணன் தொடல. இங்க பாருங்க.” போனைச் சிவசங்கரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கிப் பார்த்தார். நாலு கார்டையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். லூர்துராணிக்கு யாரும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை போல, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “எறக்குங்க. என் கண்ணு முன்னாடி டெஸ்ட் பண்ணுங்க” என்றாள்.

ஐந்தாவது அரை மணி நேரம் கசியாமல் அழுத்தம் தாங்கி நின்றது. ஆறாவதும் நின்றது. மருதை இரண்டிலும் பஞ்ச் அடித்தார். ஏழாவதுக்கு அழுத்தம் ஏறி, மீட்டர் முள் கோட்டைத் தொட்டு ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் கொப்புளம் மாதிரி மெல்ல உப்பியது. அது பட்டென்று உடைந்து, ஊசி கனத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியடித்துச் சிவசங்கரின் வெள்ளைச் சட்டையை நனைத்தது.

“தண்ணியா இருந்ததால சட்டையோட போச்சு சார்” என்றாள் லூர்துராணி. “எங்க பாய்லர்கிட்ட ஒரு ஷிப்டுக்கு ஆறு பேரு நிப்பாங்க.” சொல்லிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். ஏழாவதை ஒதுக்கிவிட்டு எட்டாவதைப் பார்த்தார்கள், அது நின்றது.

சிவசங்கர் போனைப் பிரேமலதாவின் கையில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் ஆபீசுக்குள் போனார். மேனேஜர் பேச்சை இனி அவர் எடுக்கமாட்டார். வேலையே இருக்குமா என்பது சாயங்காலம்தான் தெரியும்.

அவள் ஏழாவது கார்டைச் சிவப்புக்கு நகர்த்தினாள். டிவியில் போன வாரத்து நூறு போய்த் தொண்ணூற்றாறு வந்தது. மருதை பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றாள்.

“மன்னிச்சிடுங்க அண்ணே.”

மருதை ஸ்பானரைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும்.

“எனக்குப் படிப்பெல்லாம் பெருசா கெடயாதும்மா. அந்த டிவில இருக்குற எழுத்துல பாதி எனக்குப் புரியாது. நீங்க பச்சைன்னு போட்டா முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம், அவ்வளவுதான் தெரியும்” என்றார். “திங்கக்கிழமை பம்பு ரெடியா என் கைலதாம்மா இருந்துச்சு. நீங்க போட்ட பச்சையப் பாத்துட்டுத்தான் அத உள்ள தூக்கி வெச்சேன்.”